லேப்டாப் திரையில் நிறம் சரியாகத் தெரிய: போட்டோ எடிட்டிங் செய்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

கல்யாண ஆல்பம் பிரிண்ட் போடும் லேபிலிருந்து வந்து சேர்கிறது. லேப்டாப்பில் பளிச்சென்று இருந்த முகங்கள் தாளில் இருண்டு கிடக்கின்றன. அரக்குப் பட்டு பழுப்பாகிவிட்டது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் லேசாக நீலம் ஓடுகிறது. உடனே லேபைத் திட்டத் தோன்றும். லேபில் தவறு நடப்பதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் அந்தத் தவறு அதற்கு முன்பே, எடிட் செய்தவரின் திரையில் நடந்து முடிந்திருக்கும். திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்ததால் அவர் படத்தை இருட்டாக்கினார். திரை மஞ்சளடித்ததால் படத்தில் நீலம் ஏற்றினார். தாள் அவர் செய்ததை அப்படியே காட்டுகிறது.

கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ் என்று யோசித்து யோசித்துச் செலவு செய்யும் நண்பர்கள், படத்தைத் திருத்தும் திரையைப் பற்றி மட்டும் ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. இதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு. திரையைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. அதில் பாதி வேலைக்குக் காசே தேவையில்லை. மீதிப் பாதிக்கு ஒரு கருவி வேண்டும். எது எந்தப் பாதி, ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கோப்பில் இருப்பது எண்கள்தான்

ஒரு ஜேபெக் கோப்புக்குள் நிறம் என்று எதுவும் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். ஒரு நெற்றிக் குங்குமத்துக்கு சிவப்பு 180, பச்சை 30, நீலம் 45 என்று கோப்பில் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பை இவ்வளவு ஒளிரவிடு, பச்சையை இவ்வளவு, நீலத்தை இவ்வளவு என்று திரைக்கு இது ஓர் உத்தரவு. அந்தத் திரையில் உள்ள சிவப்பு எப்படிப்பட்ட சிவப்பு என்று அந்த எண் சொல்வதில்லை. ஒரு பேனலின் சிவப்பு ரத்தச் சிவப்பாக இருக்கும், இன்னொன்றின் சிவப்பு செங்கல் பக்கம் சாயும். ஒரே உத்தரவு, இரண்டு வேறு நிறங்கள்.

இந்தக் குழப்பத்துக்குப் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும் என்று ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் முன்வைத்ததுதான் எஸ்ஆர்ஜிபி. 1999இல் அது சர்வதேசத் தரமாகவும் ஆனது. எந்தச் சிவப்பு, எந்தப் பச்சை, எந்த நீலம், எது வெள்ளை, நடுவில் உள்ள சாம்பல்கள் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. இணையத்தில் போகும் பெரும்பாலான படங்களும், பெரும்பாலான லேப்கள் கேட்கும் கோப்புகளும் இந்த அளவுகோலில்தான் இருக்கின்றன. அடோபி 1998இல் கொண்டுவந்த அடோபி ஆர்ஜிபி இதைவிட அகலமானது, குறிப்பாகப் பச்சையிலும் நீலப்பச்சையிலும். மயில் பச்சைப் புடவை எடுப்பவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லாமலே புரியும். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் எஸ்ஆர்ஜிபியிலேயே இருப்பது நல்லது. தாண்டிப் போக ஆசைப்படுவதற்கு முன், இருப்பதைச் சரியாகப் பார்க்கும் திரை வேண்டும்.

ஆக, நாம் செய்ய வேண்டியது இதுதான்: நம் திரை அந்த அளவுகோலிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்று அளந்து, விலகலைச் சரிக்கட்டுவது. பொதுவாக இதைக் கேலிபரேஷன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இரண்டு வேலைகள் இருக்கின்றன.

மளிகைக் கடையில் ஒரு தராசு, தட்டில் ஒன்றும் வைக்காதபோதே 50 கிராம் காட்டுகிறது. திருகைத் திருப்பி அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவது ஒரு வழி. திருக முடியாத தராசு என்றால், இது 50 கிராம் கூடக் காட்டும் என்று எழுதி ஒட்டிவைத்து, ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்வது இன்னொரு வழி. திரையில் முதல் வேலைக்குப் பெயர் கேலிபரேஷன். இரண்டாவதுக்குப் பெயர் ப்ரொஃபைல். அந்த ஒட்டுச்சீட்டுதான் ஐசிசி ப்ரொஃபைல் என்ற சின்னக் கோப்பு. அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து 1993இல் தொடங்கிய ஐசிசி (இன்டர்நேஷனல் கலர் கன்சார்டியம்) என்ற அமைப்பு அதன் வடிவத்தை வகுத்தது.

லேப்டாப்பில் முதல் வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. தனியாக வாங்கும் மானிட்டரில் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கப் பொத்தான்கள் உண்டு. லேப்டாப்பில் உள்ளது பிரைட்னஸ் ஒன்றுதான். மற்றத் திருத்தங்களை கிராபிக்ஸ் கார்டில் உள்ள ஓர் அட்டவணைதான் செய்தாக வேண்டும். அதற்கு ஒரு விலை கொடுக்கிறோம். திரை நீலமடிக்கிறது என்பதால் நீலத்தின் உச்சத்தை 255இலிருந்து 220க்கு இறக்கினால், 256 படிகள் இருந்த இடத்தில் 221தான் மிஞ்சும். தெளிந்த வானம், ஸ்டுடியோவின் சாம்பல் பின்னணித் திரை மாதிரி மெல்ல மாறும் பரப்புகளில் கோடு கோடாகப் பட்டை தெரிய ஆரம்பிக்கும். அதனால் லேப்டாப்பில் கேலிபரேஷனைக் குறைவாகச் செய்து, ப்ரொஃபைலிடம் அதிக வேலையை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

ப்ரொஃபைலை எல்லா மென்பொருளும் படிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபோட்டோஷாப், லைட்ரூம், கிம்ப், டார்க்டேபிள் படிக்கின்றன. குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளும் படிக்கின்றன. சில படம் பார்க்கும் செயலிகள் படிப்பதில்லை. ஒரே லேப்டாப்பில் ஒரே படம் இரண்டு செயலிகளில் இரண்டு மாதிரி தெரிந்தால் பதறிப்போக வேண்டாம். ஒன்று சீட்டைப் பார்த்துக் கழிக்கிறது, இன்னொன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். எடிட்டிங் மென்பொருள் காட்டுவதை நம்புங்கள்.

கண்ணை ஏன் நம்பக்கூடாது

“எனக்கு நல்ல கண், பார்த்தே சரிசெய்துவிடுவேன்” என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அனுபவசாலிகளும் சொல்கிறார்கள். அவர்களை மதித்தே மறுக்கிறேன்.

கண் தன்னைச் சூழலுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டே இருக்கும். மஞ்சள் குண்டு பல்ப் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் வெள்ளையாகத்தான் தெரிகிறது. கேமராவின் ஒயிட் பேலன்ஸை வெயிலுக்கு வைத்து அதே தாளைப் படமெடுத்தால் ஆரஞ்சாக வருகிறது. கேமரா சொல்வதுதான் அங்கே இருந்த உண்மையான ஒளி. லேப்டாப்பில் நைட் லைட் போட்டதும் திரை செம்மஞ்சளாகத் தெரியும். சில நிமிடங்கள் போனதும் அது வெள்ளை என்றே கண் ஒப்புக்கொண்டுவிடும். பிறகு அணைத்தால், இப்போது சரியான வெள்ளை நீலமாகத் தெரியும். இப்படி நொடிக்கு நொடி தன் பூஜ்ஜியத்தை நகர்த்திக்கொள்ளும் கண்ணை வைத்துக்கொண்டு திரையின் வெள்ளை சரியா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் கண் ஒரு வேலையில் அபாரமானது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டில் எது இருட்டு, எது வெளிச்சம் என்று நுணுக்கமாகச் சொல்லிவிடும். விண்டோஸில் தேடும் இடத்தில் ‘டிசிசிடபிள்யூ’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்தால் திறக்கும் கேலிபரேஷன் உதவியாளரில் இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். அதில் காமா சரிசெய்யும் பக்கம், புள்ளியையும் சுற்றியுள்ள பரப்பையும் ஒப்பிடச் சொல்கிறது. அதைச் செய்யலாம், கண் அங்கே உதவும். அடுத்து வரும் நிறச் சமநிலைப் பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீலத்தை நகர்த்தி சாம்பலைச் சாம்பலாக்கச் சொல்கிறது. அதைத் தொடாமல் கடந்துவிடுங்கள். அந்தச் சாம்பலை எதனோடு ஒப்பிடுவது? உங்கள் நினைவோடுதான் ஒப்பிட வேண்டும். நிறத்தில் நினைவு மிக மோசமான சாட்சி.

காமா என்றால் என்ன என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எந்த எண்ணுக்குத் திரை எவ்வளவு வெளிச்சம் தரும் என்ற கணக்குதான் அது. 0க்கும் 255க்கும் நடுவில் உள்ள 128 என்ற எண்ணுக்குத் திரை பாதி வெளிச்சம் தருவதில்லை. காமா 2.2 என்று வைத்தால் முழு வெளிச்சத்தில் சுமார் 22 சதவீதம்தான் தரும். கண் நிழல்களில் வித்தியாசத்தை நன்றாகப் பார்க்கும், மிகு வெளிச்சத்தில் அவ்வளவாகப் பார்க்காது என்பதால் இந்த ஏற்பாடு நமக்கு இயல்பாகத் தெரிகிறது. மேக் கணினிகள் நெடுங்காலம் 1.8ஐப் பிடித்துக்கொண்டிருந்து, 2009இல் வந்த ஸ்னோ லெபர்ட் இயங்குதளத்தில்தான் 2.2க்கு மாறின. இப்போது எல்லாருக்கும் 2.2தான். யோசிக்காமல் அதை வையுங்கள்.

காசில்லாத பாதி: வெளிச்சம்

பிரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகாருக்கு முதல் காரணம் நிறமே இல்லை. திரையின் பிரைட்னஸ். கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் சொல்கிறார்கள். சாதாரண லேப்டாப்பின் உச்சம் 250 முதல் 300 நிட் வரை. நல்லவை 400, 500 என்று போகும். பிரிண்டுக்காக எடிட் செய்ய ஏற்றது 80 முதல் 120 நிட் வரைதான். எஸ்ஆர்ஜிபி தரத்திலேயே 80 என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் முழு பிரைட்னஸில் எடிட் செய்பவர், இருக்க வேண்டியதைப் போல இரண்டரை மூன்று மடங்கு வெளிச்சத்தில் படத்தைப் பார்க்கிறார். படம் கண்ணைக் கூசுகிறது, எக்ஸ்போஷரை இறக்குகிறார், தாளில் இருட்டு.

சரி, 120 நிட் என்பதை மீட்டர் இல்லாமல் எப்படி அறிவது? உங்களிடம் கேமரா இருக்கிறதே, அதற்குள் ஒரு மீட்டர் இருக்கிறது. திரை முழுவதும் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்கள். கேமராவை மேனுவல் மோடில் வைத்து ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, ஷட்டர் 1/15 நொடி என்று அமையுங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். ஃபோகஸை மேனுவலாக்கி வேண்டுமென்றே மங்கலாக்குங்கள். ஃப்ரேம் முழுக்க வெள்ளைத் திரை மட்டும் நிறையும்படி நேராகப் பிடியுங்கள். இப்போது வ்யூஃபைண்டரில் உள்ள மீட்டர் முள் நடுவில் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை லேப்டாப்பின் பிரைட்னஸைக் குறையுங்கள். அந்த இடம் ஏறக்குறைய 120 நிட். ஷட்டரை 1/10 என்று வைத்து அதே போலச் செய்தால் 80 நிட்டுக்குப் பக்கம் வரும். கேமராவுக்குக் கேமரா, லென்ஸுக்கு லென்ஸ் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஆனாலும் 300இல் எடிட் செய்துகொண்டிருந்தவருக்கு இது பெரிய விடுதலை.

கேமராவும் பக்கத்தில் இல்லையா? வெள்ளை ஏ4 தாள் ஒன்றை அறை விளக்கு நன்றாக விழும்படி திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையிலும் வெள்ளைப் பக்கம் திறந்திருக்கட்டும். இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸை மாற்றுங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வேலை என்பதால் கண் இதை நன்றாகவே செய்யும்.

குறைத்த முதல் நாள் திரை மங்கிப்போனதாகத் தோன்றும். மாற்றாமல் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் பழகிவிடும். ஒருவேளை பொறுக்கவே முடியவில்லை என்றால் குற்றம் அறையில் இருக்கிறது. ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்கிறது, அல்லது திரைக்கு நேர் எதிரே டியூப்லைட் இருக்கிறது. திரையை மட்டும் சரிசெய்து அறையை விட்டுவிட்டால் வேலை முடியாது. ஜவுளிக் கடையில் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் நிறம் பார்ப்பவர்கள் நாம். வெளிச்சம் மாறினால் நிறம் மாறும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரிந்த விஷயம். அறைக்கும் அதே கணக்குதான்.

எடிட் செய்யும் மேசைக்கு வெயில் நேராக வராத இடம் பாருங்கள். விளக்கு திரையில் பட்டுப் பிரதிபலிக்கக் கூடாது. முழு இருட்டும் வேண்டாம். இருட்டில் கண்மணி விரிந்து, நிழல் பகுதிகள் இருப்பதைவிடத் தெளிவாகத் தெரியும், பிறகு பிரிண்டில் அவை அடைத்துக்கொள்ளும். திரைக்குப் பின்னால் உள்ள சுவரில் மிதமான வெளிச்சம் இருந்தால் போதும். நம் ஊர் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இளம்பச்சை, ரோஸ், வான நீலம் என்று சுவருக்கு வண்ணம் அடித்திருப்போம். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பச்சைதான். கண் அதற்குப் பழகி, திரையில் உள்ள முகத்தில் இல்லாத சிவப்பைப் பார்க்கும். சுவரை மாற்ற முடியாதென்றால் எதிரிலும் பின்னாலும் சாம்பலோ வெள்ளையோ ஒரு துணி தொங்கவிடலாம். எடிட்டிங் மென்பொருளின் பின்னணியும் டெஸ்க்டாப்பும் சாம்பலாக இருக்கட்டும். ஆரஞ்சு நிறச் சூரிய அஸ்தமனத்தை வால்பேப்பராக வைத்துக்கொண்டு ஸ்கின் டோன் பார்க்க வேண்டாம்.

அணைத்துவைக்க வேண்டியவை

லேப்டாப் தானாகவே திரையை மாற்றிக்கொண்டிருக்கும்வரை எதை அளந்தாலும் வீண். நைட் லைட், மேக்கில் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் ஆகியவை நிறத்தை மாற்றுகின்றன. ஆட்டோ பிரைட்னஸ் அறை வெளிச்சத்தைப் பார்த்து ஏறி இறங்குகிறது. எச்டிஆர் மோடும் அணைந்திருக்கட்டும். இவற்றைவிடக் கள்ளத்தனமானது மின்சாரம் மிச்சப்படுத்தும் ஏற்பாடு. பேட்டரியில் ஓடும்போது, திரையில் உள்ள படம் இருட்டா வெளிச்சமா என்று பார்த்து பேக்லைட்டை (திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கை) தானே குறைத்து, ஈடுகட்ட கான்ட்ராஸ்டை ஏற்றும். இன்டெல், ஏஎம்டி இரண்டின் கிராபிக்ஸ் அமைப்புகளிலும் இப்படி ஒன்று உண்டு. அணையுங்கள், சார்ஜரைச் செருகிவைத்தே எடிட் செய்யுங்கள். சில நிறுவனங்கள் ‘விவிட்’ என்ற பெயரில் ஒரு மோடு வைத்திருக்கும். கடையில் பார்ப்பவரைக் கவர வைத்தது அது. இயல்பான மோடு அல்லது எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் அதற்கு மாறுங்கள்.

2021 முதல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃபரன்ஸ் மோடுகள் கிடைக்கும். போட்டோகிராபி, இணையம் என்று பயனுக்கேற்ற பெயர்களில் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன், ஆட்டோ பிரைட்னஸ் மூன்றும் அடங்கிவிடும்.

உங்கள் பேனலால் என்ன முடியும்

கேலிபரேஷன் மோசமான பேனலை நல்ல பேனலாக்காது. இதைத் தெரியாமல் கருவி வாங்கி ஏமாந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

லேப்டாப் விவரப் பட்டியலில் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று ஒரு வரி இருந்தால் அது எச்சரிக்கை. என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த நிற எல்லை. அதில் 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபியின் அளவு. 45 என்றால் எஸ்ஆர்ஜிபியில் சுமார் அறுபது சதவீதத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். விலை குறைந்த லேப்டாப்களில் பெரும்பாலும் இந்தப் பேனல்தான். அதில் குங்குமமும் செம்பருத்தியும் சோர்ந்து தெரியும். எடிட் செய்பவர் சாச்சுரேஷனை ஏற்றுவார். அந்தப் படத்தை நல்ல போனில் பார்க்கும் மணப்பெண்ணுக்கு முகம் ஆரஞ்சாகவும் புடவை தீப்பிடித்தது போலவும் தெரியும். எவ்வளவு அளந்தாலும், அந்தப் பேனலால் எட்ட முடியாத சிவப்பு எட்டாததுதான். அதற்கு அப்பால் உள்ள எல்லாச் சிவப்பும் ஒன்றாகக் குவிந்து, புடவை மடிப்புகளின் விவரம் அடைபட்டதாகத் தெரியும். கோப்பில் விவரம் பத்திரமாக இருக்கும், திரையால்தான் காட்ட முடியாது.

பேனல் வகையையும் பாருங்கள். பழைய டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் மேலே கீழே அசைத்தாலே வெளிச்சமும் நிறமும் மாறும். அதில் எடிட்டிங் வேண்டாம். ஐபிஎஸ் பேனல் எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி காட்டும். கற்றுக்கொள்பவருக்கு முழு எஸ்ஆர்ஜிபி உள்ள ஐபிஎஸ் பேனல் தாராளம். ஓஎல்இடி திரைகள் அழகு, நிற எல்லையும் மிக அகலம். அந்த அகலமே ப்ரொஃபைல் இல்லாதபோது தொல்லை தரும்: எஸ்ஆர்ஜிபி எண்களை அப்படியே வாங்கிக்கொண்டு எல்லா நிறத்தையும் கத்தவைக்கும்.

கருவி வேண்டிய பாதி

திரையின் வெள்ளையைச் சரியாக அளக்கக் கலரிமீட்டர் என்ற சின்னக் கருவி வேண்டும். கணினி மவுஸ் அளவில் இருக்கும். டேட்டாகலரின் ஸ்பைடர் வரிசையும், முன்பு எக்ஸ்-ரைட் பெயரில் வந்து இப்போது கேலிப்ரைட் பெயரில் விற்கும் கருவிகளும் எளிதில் கிடைப்பவை. கருவியோடு மென்பொருளும் வரும். அது பிடிக்காவிட்டால் ஆர்கில், டிஸ்ப்ளேகேல் என்ற இலவச மென்பொருள்களும் பல கருவிகளோடு ஓடும். மாதம் ஒருமுறைதான் தேவைப்படும் பொருள் என்பதால் ஊரில் உள்ள நாலு போட்டோகிராபர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம். நான் எல்லாருக்கும் சொல்லும் யோசனை இது.

செய்முறை எளிது. லேப்டாப்பைச் சார்ஜரோடு அரை மணி நேரம் ஓடவிடுங்கள், பேக்லைட் நிலைப்பட வேண்டும். திரையை ஈரமில்லாத மென்துணியால் துடையுங்கள். கருவியைத் திரையின் நடுவில் தொங்கவிட்டு, லேப்டாப் மூடியைப் பின்னால் நன்றாகச் சாய்த்தால் கருவி தன் எடையிலேயே திரையில் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி இருந்தால் அறை வெளிச்சம் உள்ளே புகுந்து அளவைக் கெடுக்கும். மென்பொருள் முதலில் உங்கள் திரை எந்த வகை என்று கேட்கும். சாதாரண வெள்ளை எல்இடியா, அகல நிற எல்லை உள்ளதா, ஓஎல்இடியா என்று சரியாகச் சொல்லுங்கள். ஒளியின் உள்ளமைப்பு ஒவ்வொன்றிலும் வேறு. தவறான வகையைச் சொன்னால் கருவியும் தவறாகவே அளக்கும்.

அடுத்து இலக்குகளைக் கேட்கும். வெளிச்சம் 100 அல்லது 120 நிட், காமா 2.2, வெள்ளை டி65. இந்த டி65 என்பது பகல் வெளிச்சத்தைக் குறிக்கும் ஒரு வரையறை, ஏறக்குறைய 6500 கெல்வின். எஸ்ஆர்ஜிபியின் வெள்ளையும் அதுதான். இங்கே ஒரு விதிவிலக்கு. உங்கள் பேனலின் இயல்பான வெள்ளை 6500க்கு வெகு தூரத்தில் இருந்து, டி65க்கு இழுத்ததும் பட்டைகள் தெரிந்தால், வெள்ளையை ‘நேட்டிவ்’ என்று விட்டுவிட்டு மறுபடி அளங்கள். கண் அந்த வெள்ளைக்குப் பழகிக்கொள்ளும். சாம்பல்கள் நிறம் கலக்காமல் சுத்தமாக இருப்பதுதான் எடிட்டிங்கில் முக்கியம்.

பிறகு திரையில் வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து போகும், கருவி அளந்துகொண்டே இருக்கும். முடிந்ததும் ப்ரொஃபைல் உருவாகி அமைப்பில் தானே பதிவாகிவிடும். சரிபார்ப்பு அறிக்கையில் டெல்டா இ என்று ஓர் எண் வரும். இருக்க வேண்டிய நிறத்துக்கும் இருக்கும் நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 1 என்றால் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சராசரி 2க்குள் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 45 சதவீதப் பேனலில் சாம்பல்கள் நன்றாக வந்து சிவப்பும் நீலமும் மட்டும் 8, 10 என்று காட்டினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள், அது பேனலின் எல்லை.

பேக்லைட் வயதாக ஆக மங்கும், மஞ்சளடிக்கும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப்களில் இது அதிகம். அதனால் மாதம் ஒருமுறை மறுபடி அளப்பது நல்லது. விண்டோஸ் பெரிய அப்டேட், கிராபிக்ஸ் டிரைவர் மாற்றம் இவற்றுக்குப் பிறகு ப்ரொஃபைல் இன்னும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: அதே மாடல் லேப்டாப்புக்கு யாரோ இணையத்தில் போட்ட ப்ரொஃபைலை இறக்கிப் போடாதீர்கள். ஒரே மாடலுக்குள்ளேயே வெவ்வேறு நிறுவனங்களின் பேனல்கள் வருகின்றன. ஒரே பேனலிலும் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை.

“எல்லாரும் போனில்தானே பார்க்கிறார்கள், இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பார்ப்பவர்களின் திரைகளில் சில மஞ்சளடிக்கும், சில நீலமடிக்கும். உங்கள் படம் நடுவில் இருந்தால் ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் விலகிப் பார்ப்பார்கள். உங்கள் திரை மஞ்சளடித்து அதனால் படம் நீலத்துக்குப் போயிருந்தால், நீலத் திரைக்காரருக்கு இரட்டை நீலம். இப்போது வரும் நல்ல போன்கள் பல, தொழிற்சாலையிலேயே அளவு பார்த்து வருகின்றன, விலை குறைந்த லேப்டாப்பைவிடத் துல்லியமாகவே காட்டுகின்றன.

கருவி வாங்கும்வரை எண்களைப் பாருங்கள்

கருவி இல்லாதவருக்குத் திரையைச் சாராத ஒரு சாட்சி இருக்கிறது, கோப்பில் உள்ள எண்கள். வேட்டி, வெள்ளைச் சட்டை, சாம்பல் சுவர் போன்ற நிறமற்ற இடத்தில் மவுஸை வையுங்கள். ஃபோட்டோஷாப்பில் மூன்று எண்கள் வரும், லைட்ரூமில் சதவீதமாக வரும். எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி இரண்டிலுமே மூன்றும் சமம் என்றால் அது சுத்தமான சாம்பல் அல்லது வெள்ளை. நீலம் மட்டும் தூக்கலாக இருந்தால் திரை என்ன சொன்னாலும் படம் நீலமடிக்கிறது. நீலம் போட்ட வேட்டியை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம், சாம்பல் அட்டை ஒன்றை மண்டபத்தில் ஒரு ஃப்ரேம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. முகத்தில் இயல்பான வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம் என்ற வரிசை இருக்கும். மாநிறமோ சிவந்த நிறமோ, இந்த வரிசை பொதுவாக மாறாது. நீலம் பச்சையைத் தாண்டிப் போயிருந்தால் முகத்தில் ஊதா ஏறியிருக்கிறது. மண்டபத்து எல்இடி விளக்குகளில் இது அடிக்கடி நடக்கும். வெளிச்சத்துக்கு ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) பாருங்கள். அதற்கு உங்கள் பிரைட்னஸ் எவ்வளவு என்று தெரியாது, அதனால் ஏமாறவும் ஏமாறாது.

பிரிண்டுக்குப் போகும்போது சில விஷயங்கள் பாக்கி. தாள் தானாக ஒளிராது. ஐபிஎஸ் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருந்தால், தாளில் அதில் சிறு பங்குதான் இருக்கும். அதனால் கேலிபரேட் செய்த திரையும் பிரிண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, நெருங்கி வரும். லேபிடம் அவர்களுடைய மெஷின், பேப்பருக்கான ஐசிசி ப்ரொஃபைல் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் ஃபோட்டோஷாப், லைட்ரூமில் சாஃப்ட் ப்ரூஃப் வைத்து, அந்தத் தாளில் எப்படி வரும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். கிடைக்காவிட்டால் எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலைப் படத்துக்குள் பதித்து அனுப்பி, லேபில் ஆட்டோ கரெக்‌ஷன் போட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் அளந்து செய்ததன் மேல் அவர்கள் இன்னொரு திருத்தம் போட்டால் எது யாருடைய தவறு என்றே தெரியாமல் போகும்.

ஆல்பம் முழுவதையும் அனுப்புவதற்கு முன் நாலைந்து படங்களைச் சின்ன சைஸில் போடச் சொல்லுங்கள். ஒரு முகம், ஒரு வெள்ளை உடை, ஒரு அடர்ந்த பட்டு, ஒரு இரவுப் படம் இருந்தால் போதும். அவற்றை வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நான்கும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் இன்னும் பிரைட்னஸைக் குறைத்து எடிட் செய்ய வேண்டும் என்று பொருள். நான்கிலும் ஒரே நிறம் கலந்திருந்தால் முதலில் லேபிடம் பேசுங்கள். பட்டு மட்டும் வேறாக இருந்தால் அது தாளின் எல்லை. அந்த ஒரு படத்துக்கு மட்டும் சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் மடிப்புகளின் விவரம் திரும்பி வரும்.